பேச்சிக்கனி உதைத்த வீடியோ

அத நிறுத்துங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய, பக்கத்து சீட்டுக்காரன் போனை எட்டிப் பாக்கது தப்புதான், எனக்கும் தெரியும். ஆனா அந்த வீடியோச் சத்தம் காதுல விழுந்தாலே எனக்குப் பொறுக்க மாட்டேங்கு. மொதல்ல டமார்னு ஒரு மேளம். பெறகு ஒரு பொம்பளப்பிள்ள காலத் தூக்கி இன்னொரு பிள்ள மூஞ்சியில உதைக்கா. பெறகு அதையே மெதுவா ஓட்டுதான். கடைசியில சிரிக்கிற பொம்ம, மேல ‘கழுத உதை’ன்னு எழுத்து. அதான? சீ. எத்தன மாசமாச்சு, இன்னும் அதப் பாத்துப் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கு ஊரு.

உங்களச் சொல்லல. உங்களுக்கு எவனோ அனுப்பியிருக்கான், நீங்க பாக்கிய. அவன் குடுத்ததத்தான பாக்க முடியும்? அவன் காட்டுனது நடந்தது, அவன் வெட்டி எறிஞ்சது நடக்கவே இல்ல. இதான் இப்ப நாட்டுல சட்டம்.

அந்தப் பிள்ள பேரு பேச்சிக்கனி. விளாத்திகுளத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு. அவ உதைக்கல. கேட்டுக்கிடுங்க, அவ உதைக்கவே இல்ல. நான் அங்கன இருந்தேன். அவ காலுக்கும் எனக்கும் இந்தா, உங்களுக்கும் அந்த டிரைவருக்கும் உள்ள தூரம்தான்.

நீங்க எங்க எறங்கணும்? சாத்தூரா? அப்ப நேரம் கெடக்கு. இப்பத்தான கயத்தாறு தாண்டுது. கேளுங்க, கேட்டுட்டு பெறகு அந்த வீடியோவ வச்சுக்கிடணுமா அழிக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

நான் தவசிமுத்து. ‘தவசி கபடி’ன்னு நெட்டுல சேனல் வச்சிருக்கேன், கேள்விப்பட்டிருப்பிய. இல்லையா? சரி விடுங்க. கபடி பாக்கவன்கிட்ட கேட்டா சொல்லுவான். நாங்குநேரியில இருந்து அந்தா எட்டயபுரம் வரைக்கும், கோயில் கொடைக்கு எந்த ஊருல கபடி போட்டாலும் அங்கன ஒரு ஸ்டாண்டு நிக்கும், அதுல என் போன் நிக்கும். நான் வாரதுக்கு முன்னாடி இந்த ஆட்டத்த எவன் படம் புடிச்சான்? ஆடுனவன் ஆடிட்டு மண்ணத் தட்டிட்டுப் போவான், அத்தோட சரி. பேச்சிக்கனி மொதமொதல்ல எதிராளி கட்டத்துக்குள்ள ஏறிக் கபடி பாடுனதையே நான்தான் எடுத்தேன். எங்கனயோ ஒரு ஊருல, ஸ்கூல் யூனிபார்ம் பேண்டைக் கத்தரிச்சு டிரவுசராக்கிப் போட்டுட்டு வந்து நின்னா. பிடிக்க வந்த மூணு பேரையும் இழுத்துக்கிட்டே கோட்டுக்கு வந்துட்டா. அந்த வீடியோவப் பாத்துதான் இந்தக் கபடி லீக்கு நடத்துதவனே அவளத் தேடி வந்தான். இத அந்தப் பிள்ளையே சொல்லும்.

இதுல ஒரு தொழில் ரகசியம் இருக்கு அண்ணாச்சி, சொல்லுதேன். நம்ம வீடியோவ நம்ம பேருல பாக்க விட மாட்டாங்க திருட்டுப் பயலுவ. நான் வெயில்ல வெந்து எடுத்துப் போட்டா, சாயங்காலமே ஒருத்தன் எடுத்து அவன் பக்கத்துல போட்டுக்கிடுவான். லோகோ வச்சேன். மேல மூலையில வச்சா மூலைய வெட்டிப்புடுதான். கண்ணாடி மாதிரி லேசா வச்சா அழிக்கதுக்குப் போன்ல ஒரு ஆப்பு வச்சிருக்கான். நானும் யோசிச்சேன். ஏறிப் பாடுத ரைடரோட காலு எங்க ஓடுது? கீழ, நடுவுல. அங்கன கொண்டுபோய் வச்சேன் லோகோவ. வெட்டுனா காலு போயிரும், கால் இல்லாம கபடி எவன் பாப்பான்? அதுவும் அழுத்தமா, அழியாத கலருல. என் படமேதான் லோகோ. மீசைய முறுக்கிக்கிட்டு, கையத் தூக்கிச் சிரிக்கிற மாதிரி. ரெக்கார்டு பண்ணும்போதே படத்தோட சேந்து பதிஞ்சிரும், பெறகு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. எப்படி? அதுக்குப் பெறகு ஒரு பய நம்ம வீடியோவத் தொடல.

தொட்டான், ஒருத்தன் தொட்டான். வேற யாரும் இல்ல, இந்தப் பேச்சிக்கனிக்கு அண்ணன், கருத்தப்பாண்டி. தங்கச்சி ஆட்டத்தச் சேத்து வைக்கேன்னு ஒரு பக்கம் நடத்திக்கிட்டு இருந்தான். நம்ம வீடியோவுல அவ முகம் மட்டும் தெரியுத மாதிரி வெட்டி, கீழ இருந்த என்னையத் தூக்கி எறிஞ்சுட்டுப் போட்டிருந்தான். விடுவனா? திருட்டு வீடியோன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டு அவன் பக்கத்தையே மூட வச்சுட்டேன். அண்ணே, எந் தங்கச்சிதான அண்ணேன்னு போன்ல அழுதான். தங்கச்சி உன் தங்கச்சிதான் தம்பி, வீடியோ எவன் வீடியோன்னு கேட்டேன். பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா.

சரி, லீக்குக்கு வாரேன். அதச் சொல்லதுக்கு முன்னாடி செத்த தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

பொருநை கபடி லீக்குன்னு பேரு. ஆத்துப் பேர வச்சுட்டான், ஆத்தத் தாண்டி வந்த பயலுவ. ஊரு ஊரா ஆடிட்டு இருந்த பிள்ளைகளுக்குக் கலர் கலரா பனியன், ஏசி பஸ்சு, மேல இருந்து லைட்டு. சந்தோசம்தான். எனக்கும் கழுத்துல மாட்டிக்கிட ஒரு பாஸ் குடுத்தான். எம் பொண்டாட்டி அதப் படம் எடுத்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்புனா. மொத நாளு எங்க எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சு, மீடியா மேனேஜர்னு ஒருத்தன் வந்தான். ஆதர்ஷ். இடுப்புல பேண்டு நிக்காது அவனுக்கு, ஆனா பேச்சு மட்டும் நல்லா நிக்கும். எல்லாரையும் ப்ரோ ப்ரோங்கான். எங்ககூட இருந்த வயசான பேப்பர்காரர் ஒருத்தரையும் ப்ரோங்கான்.

அவன் சொன்னதக் கேளுங்க. ஆட்டம் ஆரம்பிச்சுட்டா எவனும் கேமரா தொடக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னாடி பிள்ளைக கால நீட்டி மடக்கும்லா, அத எடுத்துக்கிடலாம். ஆட்டம் முடிஞ்சு தோத்தவ அழுதா அத எடுத்துக்கிடலாம். நடுவுல உள்ள ஆட்டம் இருக்கே, அது அவன் சொத்து. அவனா பாத்து அரை நிமிசம் துண்டு அனுப்புவான். அத டீவிச் செய்தியில போடலாம், நெட்டுல போடக் கூடாது. டீவியில போட்டா செய்தியாம், நெட்டுல போட்டா திருட்டாம். நெட்டுல போட்டோ மட்டும் போட்டுக்கிடலாமாம். அதுவும் வரிசையா நெறைய போட்டா, அது ஓடுத மாதிரி தெரியுமாம், கூடாதாம். கேட்டியளா கூத்த? நாங்க டீவிக்காரங்களா? எங்களுக்கு நெட்டத் தவிர வேற எது இருக்கு?

நான் எந்திரிச்சேன். தம்பி, இந்தப் பிள்ளைக ஓடுனா எங்க மண்ணுல உள்ள புழுதி இன்னும் அதுக காலுல ஒட்டியிருக்கும், அதுக ஓடுததப் படம் புடிக்க நீ யாரு தடுக்கன்னு கேட்டேன். அவன் சிரிக்கான். ப்ரோ, ஆட்டம் அவங்களோடது, காட்சி எங்களோடதுங்கான். வைக்கப்படப்பு நாய் கேள்விப்பட்டிருக்கியள்லா? தானும் திங்காது, திங்க வார மாட்டையும் விடாது. அது தோத்துது இவங்ககிட்ட. ஒருத்தன் ஓடுதான், ஒருத்தி விழுதா, அதுல போய் இது என்னுதுன்னு ஒருத்தன் எப்படிச் சொல்லலாம்? சொல்லுங்க, எப்படிச் சொல்லலாம்?

நான் விடல. போனை நெஞ்சுல பாசுக்குக் கீழ சொருகி வச்சு எடுத்தேன். கேமராக் கண்ணு மட்டும் வெளிய தெரியுத மாதிரி. எங்களுக்குக் குடுத்த எடமும் அப்படி. டீவிக்காரங்களுக்கெல்லாம் மேல, குளுகுளுன்னு. நெட்டுக்காரனுக்கு கடேசிக் கோட்டுக்குப் பின்னால, தரையோட தரையா ஒரு பெஞ்சு. அங்க இருந்து பாத்தா ஆட்டக்காரிக முழங்காலுக்குக் கீழ உள்ளதுதான் மொதல்ல கண்ணுல படும். அவமானம்தான். ஆனா பாருங்க, அன்னைக்கு நடந்தது முழங்காலுக்குக் கீழதான் நடந்துச்சு.

தரையில ரப்பர் விரிப்பு போட்டிருப்பான், மேட்டும்பாங்க. ஒரே விரிப்பு இல்ல. துண்டு துண்டா, பல்லும் பல்லும் கோத்து வைக்கிற மாதிரி. நல்ல மேட்டுன்னா கோத்தா பிரியாது. இவன் எங்கனயோ ஓஞ்சு போனத வாங்கிட்டு வந்திருக்கான். அன்னைக்கு ஆடி ஆடி ஒரு எடத்துல பல்லு விட்டுருச்சு. வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு, பாதம் போற அளவுக்கு. என் பெஞ்சுக்கு நேர் முன்னால. பேச்சிக்கனி ஏறிப் பாடி வந்தா. எதிர் டீம் கேப்டனத் தொட்டுட்டா, அந்தப் பிள்ள கீழ உக்காந்துட்டு. விசில் அடிச்சாச்சு. இவ சிரிச்சுக்கிட்டே திரும்புதா. திரும்பும்போது இடது காலு அந்தப் பிளவுக்குள்ள போயி மாட்டுது. ஒடம்பு போகுது, காலு வரல. வலது காலு அந்தரத்துல ஒரு வீசு வீசுது, புடிமானத்துக்கு. அங்கன அந்தக் கேப்டன் மூஞ்சி இருக்கு.

இதான் அண்ணாச்சி நடந்தது. அந்தப் பிள்ளைக்குப் பல்லு போச்சு, வாயெல்லாம் ரத்தம். அதுவும் பாவம்தான். பேச்சிக்கனி மாட்டுன கால உருவிட்டு ஓடிப் போயி அவளத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, யக்கா யக்கான்னு அழுதா. அந்த அழுகைய எங்கயாவது பாத்தியளா நீங்க? வராது. அத வெட்டியாச்சு. காலு மாட்டுனதையும் வெட்டியாச்சு. நடுவுல உள்ள உதைய மட்டும் வச்சு, மேளம் போட்டு, சிரிக்கிற பொம்ம போட்டு, அவங்க பக்கத்துலயே மொதல்ல போட்டது லீக்குதான். நம்மள அரை நிமிசத்துக்கு மேல போடாதன்னவன், அவனே ஒரு பிள்ளையோட வாழ்க்கைய மூணு செகண்டா நறுக்கி ஊருக்கே விருந்து வச்சான். பேதியில போவான்.

ஏன்னா, முழுசாக் காட்டுனா மேட்டு தெரியும்லா. ஓஞ்ச மேட்டப் போட்டதுக்கு எவன் பதில் சொல்லுவான்? இவ உதைச்சான்னா கத முடிஞ்சுது. மறுநாளு போய்ப் பாக்கேன், பிளவு இருந்த எடத்துல டேப் ஒட்டியிருக்கான், மேல விளம்பரத்த ஒட்டியிருக்கான். நடுவரு நான் பாக்கலைங்காரு. கூட ஆடுன பிள்ளைக வாயத் தொறந்தா ஒப்பந்தம் போயிரும்னு ஊமையாயிட்டுக. பேச்சிக்கனிய மூணு வருசம் ஆடக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. விசில் அடிச்ச பெறகு வேணும்னு தாக்குனாளாம்.

அந்தப் பிள்ளைக்கு அப்ப என்ன நெலமன்னா, போலீஸ்ல விளையாட்டு ஒதுக்கீட்டுல எடுக்கதுக்குக் கூப்புட்டிருக்கு. ஓட்டம், தாண்டல் எல்லாம் முடிச்சாச்சு. உடுப்புத் தைக்க அளவு குடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஆளத் தாக்குனான்னு தட விழுந்தா எவன் எடுப்பான்? அவ அம்மா தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்குது. அந்த வீட்டுக்கு இதான் கத. தட நீங்குனா பிள்ள போலீஸு. நீங்கலன்னா அவளும் குச்சி அடுக்கணும்.

தட போட்ட அன்னைக்கு சாயங்காலமே நான் முழு வீடியோவப் போட்டேன் நம்ம சேனல்ல. ‘பேச்சிக்கனிக்கு நடந்த அநியாயம், பாருங்க மேட்டுப் பிளவை’ன்னு தலைப்பு. பயம்னா என்னன்னு தெரியாது அண்ணாச்சி எனக்கு. ஜனங்க வந்து குமியுது. ஒரு டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள வீடியோவக் காணும். லீக்கு தூக்கிட்டான். காட்சி அவன் சொத்தாம். சேனலுக்கு ஒரு அடி. இப்படி மூணு அடி விழுந்தா சேனலையே மூடிருவான். எத்தன வருச உழைப்பு! ஆட்டத்தன்னைக்கு மைதானத்துல பொதுஜனம் எடுத்ததையும் அடுத்தடுத்த நாளு வரிசையாத் தூக்குனான். ஐஸ் விக்கவன், வளையல் கடக்காரி, எவன் போட்டாலும் தூக்குனான். சலிச்சு எடுத்தான் அண்ணாச்சி, அரிசியில கல்லு பொறுக்குத மாதிரி.

இதுல ஒரு எரிச்சல், நான் போட்ட வீடியோவுக்குக் கீழ சில பேரு ‘பிளவு எங்கய்யா இருக்கு?’ன்னு எழுதியிருந்தான். லீக்கு ஆள் வச்சு எழுதுதான்னு எனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்ச பயலுவன்னு வஞ்சுட்டு விட்டுட்டேன்.

மறுநாளே கருத்தப்பாண்டி வந்தான். நம்ம வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நிக்கான். பழசெல்லாம் மனசுல வைக்காதீங்க அண்ணே, அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க, கோவில்பட்டியில வக்கீல் ஒருத்தர் பாத்துட்டுச் சொல்லுதேன்னாருங்கான். நான் முடியாதுன்னு சொல்லல. உக்காருன்னேன், டீ குடுக்கச் சொன்னேன். ஆனா வீடியோவக் கையில குடுக்க மாட்டேன்னேன். ஒரு தடவ வெட்டுனவம்லா நீ? உன் கைக்கு வந்தா வக்கீலு, அவரு மச்சான், அவன் கூட்டாளின்னு ஊரு சுத்தும். நாளைக்கு எவனோ ஒருத்தன் அவன் பேருல போடுவான், லீக்கு என் கழுத்தத்தான் புடிப்பான். விசாரணைன்னு ஒண்ணு வைப்பாம்லா, அன்னைக்கு நானே கொண்டாரேன், என் கையாலயே போட்டுக் காட்டுதேன்னேன். இங்கன வச்சாவது பாத்துக்கிடுதேன் அண்ணேன்னான். என் போன்லயே ஒரு தடவ காட்டுனேன். அவன் கண்ணுல தண்ணி, அவனுக்கு எங்க தெரியும்? காலு மாட்டுத நேரத்துல நானே வெரல வச்சு, இந்தா இங்கனதான்டா மாட்டுது பாருன்னு காட்டுனேன். ஆமாண்ணே ஆமாண்ணேன்னான்.

கோவில்பட்டியா இது? கடலமிட்டாய்க்காரன் ஏறுதான். வேணுமா? எனக்கு வேண்டாம், நீங்க வாங்குங்க.

விசாரணை மதுரையில ஒரு பெரிய ஓட்டல்ல வச்சிருந்தான். கதவத் தொறந்தா குளிரு மூஞ்சியில அடிக்கி. கமிட்டித் தலைவர்னு ஒரு பெரியவரு, முந்தி பெரிய உத்தியோகத்துல இருந்தவராம். அவரு நல்ல மனுசன் மாதிரிதான் தெரிஞ்சாரு. பக்கத்துல ஆதர்ஷு. பேச்சிக்கனி ஒரு பழைய பாவாட தாவணியில வந்திருந்தா, அவள அப்படி நான் பாத்ததே இல்ல. அவ அம்மா, அண்ணன். மொதல்ல லீக்கு அந்தத் துண்டு வீடியோவப் போட்டுது. பெரியவரே கேட்டாரு, உங்ககிட்டதான் மேலயும் கீழயும் அத்தன கேமரா இருக்கே, முழுசையும் போடுங்களேன்னு. ஆதர்ஷு சொல்லுதான், அது ஒளிபரப்பு உரிமை வாங்குனவங்க சொத்தாம் சார், நாங்க கேட்டாலும் தர மாட்டாங்களாம். அவனோட ஆட்டத்த அவனே பாக்க முடியாதாம். கேக்கவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பானே, அப்படி. அங்கனயே துப்பிருப்பேன், தரையில கம்பளம் போட்டிருந்தான்.

அப்ப நான் எந்திரிச்சேன். முழுசும் எங்கிட்ட இருக்கு ஐயான்னேன். ஆதர்ஷு மூஞ்சி செத்துட்டு. விதிய மீறி எடுத்தது செல்லாதுங்கான். பெரியவரு கையமத்திட்டு, ஒரு பொம்பளப்பிள்ள வாழ்க்கை, பாப்போமே, போடுங்கன்னாரு. பேச்சிக்கனி என்னையப் பாத்தா பாருங்க ஒரு பார்வ. சாமியப் பாக்குத மாதிரி.

போனை அந்தப் பெரிய டீவியில மாட்டுனாங்க. சுவரு அகலத்துக்கு இருக்கு டீவி. ஓடுது. ஏறிப் பாடுதா, தொடுதா, அந்தப் பிள்ள உக்காருது, விசிலு, திரும்புதா. நான் சத்தமா இப்பப் பாருங்கன்னேன். பாத்தாங்க. எல்லாரும் பாத்தாங்க.

நான்தான் இருக்கேன் அண்ணாச்சி. சுவரு அகலத்துக்கு. மீசைய முறுக்கிக்கிட்டு, கையத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கேன். அந்தப் பிள்ள காலு முழங்கால் வரைக்கும் வருது, அதுக்குக் கீழ நான். காலு எனக்குப் பின்னால போகுது, ஒடம்பு திரும்புது, இன்னொரு காலு எனக்குப் பின்னால இருந்து வெளிய வந்து அந்தக் கேப்டன் மூஞ்சியில அடிக்கி. பாக்கவனுக்கு உதைச்ச மாதிரியேதான் இருக்கு.

பெரியவரு இன்னொரு தடவ போடச் சொன்னாரு. போட்டேன். மெதுவாப் போடச் சொன்னாரு. போட்டேன். மெதுவாப் போட்டா நான் இன்னும் நேரம் சிரிக்கேன். கால் எங்கப்பா மாட்டுதுன்னாரு. லோகோவுக்குப் பின்னால ஐயான்னேன். ஆதர்ஷு வாயப் பொத்திக்கிட்டு, ப்ரோ, லோகோ சூப்பர் ப்ரோங்கான். பொறுக்கி. ஒரு பிள்ள வாழ்க்கையில வெளையாடுத எடத்துல சிரிக்கான் பாருங்க.

அப்பத்தான் பேச்சிக்கனி வாயத் தொறந்தா.

“அண்ணே, அத மட்டும் செத்த நகட்டுங்களேன்.”

எதோ டீவி மேல துணி கெடக்க மாதிரி, எடுத்துப் போட்டா சரியாப் போயிரும்ங்க மாதிரி கேக்கா.

“அது நகராது தாயி,”ன்னேன். “எவனும் நகட்டக் கூடாதுன்னுதான வச்சது.”

அவ டீவியப் பாத்தா. பெறகு என்னையப் பாத்தா. பெறகு குனிஞ்சுக்கிட்டா.

நான் கண்ணால பாத்தேன்னு சொன்னேன் ஐயாகிட்ட. சத்தியம் பண்ணுதேன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, தம்பி, உங்கள நம்புதேன், ஆனா எழுதி வைக்க எனக்கு ஒண்ணு வேணும்லான்னாரு. தட நீங்கல. போலீஸ்ல இருந்து பேரையும் எடுத்துட்டாங்க.

வெளிய வந்து கருத்தப்பாண்டி ஒரு வார்த்த சொன்னான் பாருங்க. அண்ணே, அன்னைக்கே குடுத்திருந்தியன்னா வக்கீலு பாத்திருப்பாரு, இது ஒதவாதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும், லீக்கு அழிக்கதுக்கு முன்னாடி அந்த ஐஸ்காரங்கிட்டயாவது வளையல்கடக்காரிகிட்டயாவது கேட்டு வாங்கியிருப்போமேன்னான். மரியாதையாத்தான் சொன்னான், அண்ணேன்னுதான் சொன்னான். ஆனா நன்றிங்கது இருக்கா? சேனல் போனாலும் போகட்டும்னு அத்தன பெரிய மனுசங்களுக்கு முன்னால எந்திரிச்சு நின்னவன் நான். அந்த ரூம்ல வேற எவன் நின்னான்? அவ அம்மா பஸ் ஸ்டாண்டுல எனக்கும் சேத்து டீ சொன்னுச்சு. குடிக்க முடியல, அப்படியே வச்சுட்டேன்.

இப்ப பேச்சிக்கனி தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போறா. ரோட்டுல போனா சின்னப் பயலுவ கழுத உதைன்னு கத்துதானாம். லீக்கு அடுத்த வருசமும் நடத்துதான், விளம்பரத்துக்கு அந்த உதையத்தான் போடுதான். தடையும் போட்டுட்டு, அவ காலையே காட்டி ஆளும் சேக்கான். இந்த மாதிரி எச்சப் பயலுவ உண்டா உலகத்துல? இது எங்க சொத்து, இது எங்க சொத்துன்னு எல்லாத்தையும் பூட்டிப் பூட்டி வச்சா, ஒரு பிள்ளைக்கு நியாயம் எங்க இருந்து கெடைக்கும்? நீங்களே சொல்லுங்க.

என்ன அண்ணாச்சி? அந்த வீடியோவ உங்களுக்கு அனுப்பணுமா? உங்க மருமகன் இந்தக் கம்ப்யூட்டர்ல படம் துப்புரவாக்குத வேலையா? பின்னால உள்ளத எடுக்க முடியுமான்னு பாப்பானா?

தப்பா நெனைக்காதிய. நீங்க நல்ல மனுசன், மொகத்தப் பாத்தாலே தெரியுது. ஆனா அனுப்ப மாட்டேன். இன்னைக்கு உங்க மருமகன் லோகோவ எடுப்பான், நாளைக்கு லோகோ இல்லாத வீடியோ எவன் கையில இருக்குமோ? அது நம்ம வீடியோ அண்ணாச்சி. நான் எடுத்தது. வேணும்னா இங்கனயே பாருங்க, இந்தா. போன் என் கையிலயே இருக்கட்டும். சாத்தூரு வாரதுக்குள்ள ஓடி முடிஞ்சிரும்.

யாரு இதுல சிரிக்கதுன்னு கேக்கியளா? நான்தான். ஆமா, மீச இருக்கு அதுல. இப்ப எடுத்துட்டேன். சும்மாதான், வெயிலுக்கு.

பாருங்க, ஏறிப் பாடுதா. தொட்டுட்டா. விசில் கேக்குதா? இந்தா, சிரிச்சுக்கிட்டே திரும்புதா. இப்பப் பாருங்க, இந்தா மாட்டுச்சு. பாத்தியளா? தெரியலையா? செத்த கிட்ட வந்து நல்லாப் பாருங்க. அந்தப் பிளவு அங்கனதான் இருக்கு அண்ணாச்சி, எங்கயும் போகல. எம் மூஞ்சிக்குப் பின்னாலதான் இருக்கு.